ஆறு மில்லிமீட்டர்

டேராடூன்
1983 செப்டம்பர் 11, ஞாயிறு, காலை 6.40. புள்ளிகள் மொத்தம் 612.

அக்கா,

மேலே இருப்பது அலங்காரத்துக்காக எழுதியது இல்லை. இன்று விடிந்ததும் பெட்டியைத் திறந்து நம் வரைபடத்தை எடுத்து ஒவ்வொன்றாக எண்ணினேன். 612. ஜூலையில் எண்ணியபோதும் அதேதான். ஒரு புள்ளி என்றால் ஆறு வயசிலிருந்து பதினாலு வயசுக்குள் ஒரு பெண் குழந்தை. "உன் கணக்கெல்லாம் காகிதக் கணக்கு" என்று சொன்னாயே, அதற்குப் பதில் இது.

நான் ஊரை விட்டு வந்து நாற்பத்திரண்டு நாள் ஆகிறது. நீ ஒரு வரி எழுதவில்லை. அம்மா போடும் கார்டில் "கமலவேணி நல்லா இருக்கா" என்பதோடு சரி. பஸ் ஸ்டாண்டுக்கு நீ வரவில்லை, நானும் சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்பினேன். கணக்கு சமம். ஆனால் கோபத்தில் இருப்பவருக்கும் விஷயம் தெரிய வேண்டும். முதலிலிருந்து சொல்கிறேன். இந்த முறை உன்னால் குறுக்கே பேச முடியாது.

நாட்டியப் பள்ளிக்கு இடம் பார்த்துக் கொடு என்று கேட்டது நீ. வைத்திக்குப்பத்து அறையில் பத்துப் பெண்கள் கை நீட்டினால் சுவர் இடிக்கிறது என்றாய். நான் சர்வே படித்தவன். தெருவில் போகிறபோது "இது நல்லாருக்கே" என்று கையைக் காட்ட எனக்குத் தெரியாது. ஐந்து டிரேசிங் தாள் எடுத்தேன். முதல் தாளில் குழந்தைகள். பள்ளிக்கூடப் பதிவேடுகளைப் பார்த்து வீட்டுக்கு வீடு புள்ளி. இரண்டாவதில் ஏற்கெனவே நாட்டியம் சொல்லிக்கொடுக்கும் இடங்கள், ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு குழந்தை கால் மணியில் நடக்கக்கூடிய வட்டம், வட்டத்துக்குள் கறுப்பு. மூன்றாவதில் சாராயக் கடைகள். நம் பாண்டியில் அந்தத் தாள்தான் சீக்கிரம் கறுத்தது. நாலாவதில் பஸ் போகாத தெருக்கள். ஐந்தாவதில் நிலம்: பள்ளம், களிமண், தண்ணீர் தேங்கும் இடம், குட்டை. பழைய பிரெஞ்சுத் தாள்களையும் பிரிட்டிஷ் வெள்ளைக்காரன் தாள்களையும் ஒட்டித்தான் அதைப் போட்டேன்.

ஐந்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்தோம். மேல் மூலையை நீதான் பிடித்துக்கொண்டாய். புள்ளிகள் நெருங்கியிருந்து, கறுப்பு எதுவும் விழாமல், வெளிச்சம் சுத்தமாக வந்த இடம் ஒன்றே ஒன்று. உழவர்கரைக்கு மேற்கே புதுக் குடியிருப்புகளுக்கு நடுவில் நிலக்கடலை மூட்டை அடுக்கும் முசியே எமீலின் மல்லாட்டைக் கிடங்கு. அறுபது அடிக்கு முப்பது அடி. நடுவில் தூண் கிடையாது. காலியாகவும் கிடந்தது. இதற்கு மேல் ஒரு நாட்டிய ஆசிரியைக்கு என்ன வேண்டும்?

நீ அழுதாய். வைத்திக்குப்பத்தை விட மனசு வரவில்லை என்றாய். மனசுக்கு என்னிடம் தாள் இல்லை.

எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள்? எண்ணை மட்டும் எழுதினாலும் போதும்.

பலராமன்


முத்தியால்பேட்டை
20.9.83

டேய் பலராமா,

எண்ணு கேட்டியே, வாங்கிக்கோ. முப்பத்தெட்டு.

வைத்திக்குப்பத்துல அஞ்சு வருசம் தொண்டை கிழியக் கத்தியும் பத்தைத் தாண்டல. இங்க ஒண்ணரை மாசத்துல முப்பத்தெட்டு. நீ ஜெயிச்சுட்டே. படிச்சுட்டுக் கொஞ்ச நேரம் சிரிச்சுக்கோ, அப்புறம் மீதியைப் படி.

கிடங்குக்கு எதிர்வீட்டு வீராயிதான் முதல்ல அவ பொண்ணு சுலோசனாவைக் கையைப் பிடிச்சு இழுத்தாந்தா. வீராயிக்கு மில்லுல வேலை. "டீச்சரம்மா, இவ வூட்ல குதிக்கிற குதியில பானை சட்டி நிக்கல. இங்க வந்து குதிக்கட்டும், நீங்க அதுக்கு இன்னா பேரு வேணா வெச்சுக்குங்க"ன்னா. அந்தப் பொண்ணு அரைமண்டி உக்காந்தா பாக்கணும் நீ. அளந்து வெச்சாப்ல இருக்குது. உனக்குப் பிடிக்கும்.

இப்ப என் பங்கு. வைத்திக்குப்பத்துப் பொண்ணுங்க அஞ்சு பேரு ஆகஸ்டுல ஒரு வாரம் நடந்தே வந்தாங்க. மீன்காரன் கொளஞ்சியோட மக பாதத்தைத் திருப்பிக் காட்டினா, தார் ரோட்டுல நடந்து கொப்பளம். அடுத்த வாரம் யாரும் வரல. நீ விட்டுட்டுப் போன நகலை எடுத்துப் பாத்தேன். உன் 612ல அதுங்க எங்கன்னு தேடினேன். வைத்திக்குப்பத்துல ஒரு புள்ளி கூட இல்லடா. கடலோரம் வெள்ளையா கிடக்குது. பள்ளிக்கூடத்துல பேரு இல்லாத பொண்ணு உன் தாள்ல பொறக்கவே இல்லையா?

இதைத்தான் அன்னிக்குச் சொல்ல வந்தேன். சொல்ல வராம அழுதுட்டேன். நீ அழுகையை மட்டும் பாத்தே.

தரை பத்தி ஒரு சேதி. வடகிழக்கு மூலையில காலைத் தட்டி தட்டடவு போட்டா சத்தம் வேற மாதிரி வருது. மத்த இடத்துல தட்டுன்னு கேக்குது, அங்க மட்டும் கவுத்த பானையைத் தட்டினாப்ல. பசங்களுக்கு அந்த மூலைன்னா உசுரு. நான் முந்தி நீ முந்தின்னு ஓடுதுங்க. சின்னதுங்களை அங்கதான் நிறுத்தியிருக்கேன். சத்தம் வந்தாத்தானே காலை அழுத்தி வெக்க ஆசை வரும்.

சாப்பாடு எப்படி? அங்க சோறு கிடைக்குதா, ரொட்டியேதானா?

அக்கா


டேராடூன்
1.10.83

அக்கா,

முப்பத்தெட்டு என்பது நான் எதிர்பார்த்ததைவிட நாலு அதிகம். டிசம்பருக்குள் ஐம்பது வரும்.

பதிவேட்டில் இல்லாதவர்களை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? கிடைத்த தகவலை வைத்துத்தான் தாள் போட முடியும். இல்லாத தகவலுக்காக என்னைத் திட்டாதே.

அடுத்த கிளைக்கு இடம் பார்த்துவிட்டேன். தவளக்குப்பம், கடலூர் ரோட்டுச் சந்தி. சந்தை நாள் தவிர மற்ற நாளில் சத்தம் இல்லை, நாலு பக்கமும் பஸ். அதே ஐந்து தாள் முறைதான். அடுத்த வருஷம் பேசுவோம்.

மூலைச் சத்தத்தில் ஒன்றுமில்லை. சிவப்புத் தரைக்கு அடியில் சுண்ணாம்பு விட்டுப் போயிருக்கும். கொத்தனார் கோவிந்தராசுவைக் கூப்பிட்டு நாலு இடத்தில் துளை போட்டு சிமென்ட் பால் ஊற்றச் சொல். ஒரு வாளி, அதிகம் போனால் ஒன்றரை. சுவரில் விரிசல் இருக்கிறதா என்று நீ எழுதவில்லை. இருந்தால், அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து இரண்டு முனையிலும் சிமென்ட் வைத்து ஒட்டு. சுவர் நிலையாக இருந்தால் கண்ணாடி அப்படியே இருக்கும். நகர்ந்தால் உடையும். இதுதான் வைத்தியம், இதுதான் ஜோசியம். மூலைக்கு எலுமிச்சம்பழம் சுற்றிக்கொண்டிருக்காதே.

இங்கே ரொட்டிதான். விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு கண்ணாடி வழியாகப் பார்த்தால் மேடு மேடாகவும் பள்ளம் பள்ளமாகவும் எழுந்து நிற்கிறது. முதல் நாள் பயந்தே போனேன்.

பலராமன்


முத்தியால்பேட்டை
19.10.83

அன்புள்ள தம்பிக்கு,

விஜயதசமி அன்னிக்குப் புதுசா இருபத்திமூணு பேரு சேந்தாங்க. ஆக அறுபத்தொண்ணு. டிசம்பர்ல ஐம்பதுன்னு எழுதினியே, உன் கணக்கும் தப்பும்னு தெரிஞ்சதுல எனக்கு ஒரு சந்தோஷம்.

அன்னிக்கு ஒரு வேடிக்கை. நம்ம கிடங்கு ஹாலுக்குப் பின்னால வேலியோரம் ஏழு கல்லு வரிசையா நட்டிருக்குது, முழங்கால் உயரம். நான் கவனிச்சதே இல்ல. வந்த தாய்மாருங்க எல்லாம் முதல்ல அங்க போயி மஞ்ச பூசி, குழந்தைங்களை விழுந்து கும்பிட வெச்சுட்டு, அப்புறமாத்தான் என் கிட்ட கூட்டியாந்தாங்க. கன்னிமாராம். ரொம்ப நாளா அங்கதான் இருக்காங்களாம். எனக்குத் தட்சணை ரெண்டாவதுதான். முசியே எமீலைக் கேட்டா, "அதெல்லாம் வீடு கட்ட வந்த கல்லு, மிச்சம்" அப்படின்னாரு. மிச்சக் கல்லை எவனாவது நிறுத்தி நட்டு வெப்பானா?

நீ சொன்ன வைத்தியம் நடந்துச்சு. கோவிந்தராசு துளை போட்டு சிமென்ட் பால் ஊத்தினாரு. ஒரு வாளி, ரெண்டு வாளி, எட்டு வாளி குடிச்சிருச்சு. "இதுக்கு இன்னும் தாகம் அடங்கலம்மா"ன்னு சிரிச்சுட்டு, துளையை மூடி மேலால வழவழன்னு பூசிட்டுப் போயிட்டாரு. பாக்க அழகா இருக்குது.

விரிசல் ஒண்ணு இருக்குது, கிழக்குச் சுவர்ல, நூல் கணக்கா. நீ சொன்னபடி கண்ணாடி ஒட்டினேன். நாலாம் நாள் உடைஞ்சு கிடந்துச்சு. சுலோசனாதான் கையை வீசி உடைச்சிருப்பான்னு நினைச்சு அவளை ஒரு மணி நேரம் ஓரமா நிக்க வெச்சேன். ரெண்டாவது ஒட்டினேன். அது ஞாயித்துக்கிழமை ஹாலைப் பூட்டி வெச்சிருந்தப்பவே உடைஞ்சிருக்குது. அப்பத்தான் அவ உடைக்கலன்னு தெரிஞ்சுது. அவளுக்கு ஒரு ஜோடி ரிப்பன் வாங்கிக் கொடுத்தேன். கடைக்காரன் கொடுத்தது மட்டக் கண்ணாடி போல. மூணாவது ஒட்டல.

வாசக்கதவு கொஞ்சம் இறுகுது. மழை ஈரத்துக்கு மரம் ஊதியிருக்கும். ஒரு உதை விட்டா திறக்குது.

நவம்பர் 27, ஞாயிறு, சாயங்காலம் நாலு மணிக்கு நம்ம ஹால்லயே சலங்கை பூசை வெச்சிருக்கேன். அறுபத்தோரு பேருக்கும் ஒரே நாள்ல சலங்கை. சின்னதுங்க தொடங்கும், கடைசியா எல்லாரும் சேந்து ஒரே தாளத்துல தட்டடவு. ஊரே அதிரணும். உனக்கு லீவு கிடைக்குமா?

அக்கா


டேராடூன்
1983 அக்டோபர் 27, வியாழன், மாலை 4.15. கண்ணாடி 2. வாளி 8. கல் 7.

அக்கா,

உன் கடிதம் நேற்று மதியம் வந்தது. எட்டு வாளி என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் படிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

கண்ணாடி மட்டமானது இல்லை. சுவர் நகர்கிறது. மரம் ஊதவில்லை. நிலைச் சட்டம் கோணுகிறது. கன்னிமாரை ஏரிக்கரையிலோ குட்டைக்கரையிலோதான் நிறுத்துவார்கள், நடுத்தெருவில் இல்லை. இது தெரிவதற்கு சர்வே படிக்க வேண்டியதில்லை. நான் அந்த வேலியோரம் சங்கிலி பிடித்து அளந்தவன். அந்தக் கற்கள் மேல் நோட்டுப் புத்தகத்தை வைத்து எழுதியிருக்கிறேன்.

இங்கே பயிற்சிப் படங்களில் நம் கடலோரமும் இருக்கிறது. இருபது வருஷத்துக்கு முந்தையது. இன்று காலை அனுமதி வாங்கி எடுத்து அந்தப் படம் பார்க்கும் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். உழவர்கரை ரோடு, அதிலிருந்து மேற்கே பிரியும் வண்டிப்பாதை, ஒற்றைப் பனை. அதற்குப் பக்கத்தில் தரை அப்படியே கீழே இறங்குகிறது. வட்டமாக, கறுப்பாக. ஆழம் பன்னிரண்டு அடிக்குக் குறையாது. மூன்று தடவை பார்த்தேன். உன் ஹால் அதற்குள் இருக்கிறது.

எப்படித் தவறவிட்டேன் என்று சொல்லிவிடுகிறேன், பிறகு நீ எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. அந்த இடம் பழைய எல்லை. ஒரு பக்கம் பிரெஞ்சுக்காரன் மண், மறுபக்கம் வெள்ளைக்காரன் மண். பிரெஞ்சுத் தாள் அதன் எல்லைக்கு முன்பே நின்றுவிடுகிறது. வெள்ளைக்காரன் தாளும் அப்படியே. குட்டை யாருக்கு என்று தகராறு இருந்திருக்கும், இரண்டு பேரும் அதை மற்றவனுக்கு விட்டுவிட்டார்கள். இரண்டு தாளையும் நான் சேர்த்து வைத்தபோது நடுவில் ஒரு வெள்ளைப் பட்டை நின்றது. ஆறு மில்லிமீட்டர் அகலம். தரையில் அது நூறு அடி. அதில் ஒன்றும் போட்டிருக்கவில்லை, அதனால் அங்கே ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

ஜன்னலில் வெளிச்சம் சுத்தமாக வந்த இடம் என்று பெருமைப்பட்டேனே, அது நல்ல இடம் என்பதால் சுத்தமாக வரவில்லை. யாரும் அளக்காத இடம் என்பதால் வந்தது. வைத்திக்குப்பத்தில் புள்ளி இல்லாததும் இதே தப்புத்தான். நீ சொன்னபோது நான் எரிந்து விழுந்தேன்.

ஹாலை விட்டு வெளியேறு. நாளைக்கு இல்லை, இந்தக் கடிதம் வந்த அன்றைக்கு. தந்தியும் கொடுத்திருக்கிறேன். படத்தைப் பிரதி எடுக்கக்கூடாது, வெளியே கொண்டுபோனால் துரத்திவிடுவார்கள். இதோடு இருக்கும் கோட்டுப் படம் நான் ஞாபகத்திலிருந்து போட்டது என்று வைத்துக்கொள்.

பலராமன்


முத்தியால்பேட்டை
5.11.83

பலராமா,

இனிமே தந்தி கொடுக்காதே. அப்பா போன சேதி தந்தியில வந்ததிலிருந்து அம்மாவுக்கு அந்தச் சைக்கிள் மணி கேட்டாலே பயம்னு உனக்குத் தெரியும். தபால்காரர் "ஹால், காலி, குட்டை"ன்னு படிச்சுக் காட்டுறதுக்குள்ள அம்மா கீழ விழுந்துட்டாங்க. உனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு. தீவாளி அன்னிக்கும் எழுந்து நடமாடல. இன்னொரு தந்தி வந்தா பிரிக்காமலே திருப்பிடுங்கன்னு தபால்காரர் கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்.

உன் கடிதமும் வந்துது. படிச்சுட்டு வீராயியைக் கேட்டேன், இங்க குட்டை இருந்துதான்னு. அவ கைவேலையை நிறுத்தாமயே சொன்னா. "தாமரைக் குட்டைதானேம்மா. ஆனை எறங்கினா முதுகு தெரியாது. மில்லு பாய்லர் சாம்பலை வண்டி வண்டியா எங்க வூட்டுக்காரர்தான் ஓட்டியாந்து கொட்டினாரு. மேல பனந்துண்டைப் பரப்பி ஜல்லி போட்டு தளம் போட்டாரு முசியே. ஊருக்கே தெரியுமே."

ஏன் என் கிட்ட சொல்லலன்னு கேட்டேன்.

"உங்க தம்பி நோட்டுப் புத்தகத்தோட நாலு தடவை வந்தாரு. எத்தினி பொண்ணு, எத்தினி வயசு, எந்தப் பள்ளிக்கூடம், எல்லாம் கேட்டாரு. கீழ இன்னா இருக்குதுன்னு கேக்கல."

எனக்கும் பயம் வந்துது, பொய் சொல்லல. ஆனா அவ இன்னொண்ணும் சொன்னா. பதினோரு வருசமா அந்தத் தளத்துல கூரை முட்ட மல்லாட்டை மூட்டை அடுக்கியிருந்தாங்களாம். ஒரு மூட்டை ஒரு ஆள் கனம். ஆயிரம் மூட்டையைத் தாங்கின தரை இந்த எலிக்குஞ்சுங்களைத் தாங்காதான்னு கேட்டா. நீயே சொல்லு, அது கணக்கா இல்லையா?

முசியே எமீல் கிட்டயும் போனேன். சிரிச்சுட்டே உக்கார வெச்சு காப்பி கொடுக்கச் சொன்னாரு. உன் கோட்டுப் படத்தை நீட்டினேன். சிரிப்பு நின்னுடுச்சு. தளம் நல்லாருக்குன்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. "இதை வேற யாருக்கெல்லாம் காட்டினீங்க, மதாம்?"னு மட்டும் கேட்டாரு. படத்தை மடிச்சு அவரு சட்டைப் பையில வெச்சுக்கிட்டாரு.

அதுலயிருந்து மனசு சரியில்ல. ஆனா நான் எங்க போவேன்? வைத்திக்குப்பத்து அறையில இப்ப வலை அடுக்கி வெச்சிருக்காங்க. தாளைக் காட்டி அங்கிருந்து கிளப்பினவனும் நீ, தாளைக் காட்டி இங்கிருந்து கிளப்புறவனும் நீ. அறுபத்தோரு குழந்தைங்க வாசல்ல வந்து நிக்கும். அதுங்களுக்கு இன்னா சொல்றது? என் தம்பி ஆறு மில்லிமீட்டர் தப்பு பண்ணிட்டான், வீட்டுக்குப் போங்கன்னா?

சின்னதுங்களை அந்த மூலையிலிருந்து மாத்திட்டேன். பூசையை அங்கதான் நடத்தப்போறேன். அதுக்கப்புறம் வேற இடம் பாக்கலாம். மூணு வாரந்தானே.

அக்கா


டேராடூன்
1983 நவம்பர் 12, சனி, மதியம் 1.05. மீதி 15 நாள்.

அக்கா,

மூட்டை குதிக்காது.

மூட்டை வைத்த இடத்தில் உட்கார்ந்திருக்கும். தரை அதற்கு மெல்லப் பழகிக்கொள்ளும். அறுபத்தோரு பேர் ஒரே நொடியில் காலைத் தூக்கி ஒரே நொடியில் வைப்பது வேறு. நீ பிள்ளைகளைத் தாளம் பிசகாமல் பழக்குகிறாய். பிசகினால்கூட நல்லது என்று ஒரு நாட்டிய ஆசிரியைக்கு எழுத வேண்டியிருக்கிறது. பனந்துண்டு தண்ணீரில் பத்து வருஷம் கிடந்தால் நார் மட்டும்தான் மிஞ்சும். சாம்பல் மழைத் தண்ணீரோடு ஓடும். கோவிந்தராசு ஊற்றிய எட்டு வாளியும் அப்படி ஓடிப்போன இடத்துக்குத்தான் போயிருக்கிறது. உங்கள் காலுக்கும் அந்தத் தண்ணீருக்கும் நடுவில் நாலு அங்குலத் தளம் இருக்கிறது. இப்போது மழைக்காலம்.

எமீலுக்கு டிரங்க் கால் போட்டேன். "அல்லோ" என்றார். பேரைச் சொன்னேன். உடனே போனை வைத்துவிட்டார். அவருக்குத் தெரியும் அக்கா. அன்றைக்கும் தெரியும்.

லீவு கேட்டேன். டிசம்பர் பரீட்சை முடியும்வரை கிடையாது என்றார்கள். மறுபடி கேட்பேன்.

பூசையை நடத்து. தெருவில் நடத்து, மழையில் நடத்து, வீராயி வீட்டு வாசலில் நடத்து. அந்தத் தளத்தில் வேண்டாம். நான் சொன்னால் நீ கேட்கமாட்டாய் என்ற நிலைமையை உண்டாக்கியது நான்தான். அதற்கான தண்டனையை அந்தக் குழந்தைகளுக்குக் கொடுக்காதே.

பலராமன்


முத்தியால்பேட்டை
17.11.83

அன்புள்ள தம்பிக்கு,

என் கடிதத்துக்கு உன் பதில் இன்னும் வரல. மழையில தபால் தாமதமாகுது போல. ஒன்பது நாளா விடாம ஊத்துது. தெருவுல கணுக்கால் தண்ணி. இருந்தாலும் ஒருத்தியைத் தவிர யாரும் வகுப்புக்கு வராம இல்ல, குடையும் கோணியுமா வந்துடுதுங்க.

நல்ல சேதி ரெண்டு.

ஒண்ணு, வைத்திக்குப்பத்துப் பொண்ணுங்க அஞ்சும் திரும்ப வருதுங்க. நானே போயி கொளஞ்சி கிட்டயும் மத்தவங்க கிட்டயும் பேசினேன். மீன் ஏத்துற வேன்ல கூட்டியாந்து விடறேன்னு கொளஞ்சி ஒத்துக்கிட்டான். மீன் வாடையோட வந்தா என்ன, சலங்கைக்கு வாடை தெரியுமா? ஆக அறுபத்தாறு. உன் தாள்ல இல்லாத அஞ்சு பேரு என் வரிசையில முன்னால நிப்பாங்க.

ரெண்டு, அந்த மூலைச் சத்தம் சரியாப்போச்சு. நேத்து எல்லாரையும் சேத்து கடைசி உருப்படியை ஓட்டிப் பாத்தேன். ஹால் முழுக்க இப்ப ஒரே சத்தந்தான். எந்த மூலையில தட்டினாலும் கணீர்னு, மத்தளத்துல அடிச்சாப்ல. மூலைக்கும் நடுவுக்கும் வித்தியாசமே இல்ல. சிமென்ட் இறுக இவ்வளவு நாள் ஆகும்னு கோவிந்தராசு சொன்னாரு. நீ வேற என்னை பயமுறுத்தி வெச்சிருந்தே.

தரைதான் ஜில்லுனு இருக்குது. பசங்க பாதம் பட்ட இடமெல்லாம் ஈரமா தடம் விழுது. துடைச்சா மறுபடியும் ஈரம். மழை முடிஞ்சா காஞ்சுடும்.

வீராயி மட்டும் ரெண்டு நாளா சுலோசனாவை அனுப்பல. கேட்டா, "ஏழு கல்லுல ரெண்டைக் காணோம்மா, மண்ணுக்குள்ள போயிடுச்சு"ன்னா. நான் திட்டினேன். அந்தப் பொண்ணு இல்லாம முதல் வரிசை நிக்காது. கடைசியில பூசைக்கு அனுப்பறேன்னு ஒத்துக்கிட்டா.

கோபம் வேணாம்டா. ஒரு வரி எழுது. வர முடிஞ்சா வா.

அக்கா


பல்லார்ஷா ஸ்டேஷன்
1983 நவம்பர் 26, சனி, பிற்பகல் 3.20. மீதி 24 மணி 40 நிமிஷம். பேர் 66.

அக்கா,

உன் கடிதம் வியாழக்கிழமை மதியம் கிடைத்தது. "ஹால் முழுக்க ஒரே சத்தம்" என்று படித்தேன். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். லீவு சொல்லவில்லை. பரீட்சை போனால் போகட்டும்.

சத்தம் சரியாகவில்லை அக்கா. மூலையில் இருந்த வெற்றிடம் ஹால் முழுக்க வந்துவிட்டது. இப்போது நடுவிலும் கீழே ஒன்றும் இல்லை.

வண்டி இங்கே இரண்டு மணி நேரமாக நிற்கிறது. முன்னால் தண்டவாளத்தில் வெள்ளமாம். சென்னைக்குக் காலை ஏழு மணிக்குப் போக வேண்டிய வண்டி. ஐந்து மணி நேரம் தாமதமாகும் என்கிறார் ரயில் கார்டு. அப்படியானால் மதியம் பன்னிரண்டு. ஒரு மணி பஸ் கிடைத்தால் பாண்டிக்கு ஐந்து மணி. நீ நாலு மணிக்குத் தொடங்குகிறாய். எல்லாரும் சேர்ந்து ஆடும் கடைசி உருப்படி ஐந்தரைக்கு முன்னால் வராது என்று கணக்குப் போட்டிருக்கிறேன். சின்னவர்களுக்கு சலங்கை கட்டவே நேரம் பிடிக்கும். ஒவ்வொரு குழந்தைக்கும் நீயே குனிந்து கட்டுவாய் என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து மெதுவாகக் கட்டு.

இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வராது. முப்பதாம் தேதிதான் வரும். அன்றைக்கு இதை யார் பிரிப்பார்கள் என்று யோசிக்காமல் எழுதிக்கொண்டிருக்கிறேன். உனக்குத் தந்தி கொடுத்துப் பயனில்லை. வீராயி பேருக்குக் கொடுத்திருக்கிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுப்பார்களா என்றும் தெரியவில்லை.

இனி செய்யப்போவது:

1. சென்ட்ரலில் இறங்கியதும் ஹால் தெருமுனை மளிகைக் கடைக்கு டிரங்க் கால் பதிவு செய்வேன். பஸ் கிளம்புவதற்குள் கிடைக்காவிட்டால் விட்டுவிட்டு ஏறிவிடுவேன்.

2. பாண்டி பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்குப் போகமாட்டேன். நேரே உழவர்கரை. ரிக்‌ஷாக்காரன் தண்ணீருக்குப் பயந்தால் ஓடுவேன்.

3. எல்லாரும் தெருவில் நின்று நீ அங்கே பூசை நடத்திக்கொண்டிருந்தால், அத்தனை பேர் முன்னாலும் உன் காலில் விழுவேன். அதற்குப் பிறகு எமீல் வீட்டுக்குப் போவேன்.

4. உள்ளிருந்து உன் தட்டுக்கழிச் சத்தம் கேட்டால், கத்தமாட்டேன். கத்தினால் ஓடுவார்கள். அறுபத்தாறு பேரும் பெற்றோரும், ஒரே வாசல், இறுகிய கதவு. ஓடுகிற கால் தட்டடவைவிட மோசம்.

5. செருப்பை வெளியே விட்டுவிட்டு சுவரோரமாக நடந்து உன் பக்கத்தில் வந்து குனிவேன். காதில் சொல்வேன். நீ என்னை நம்ப வேண்டாம், என் முகத்தைப் பார். தாளத்தை முடித்து, கழியைக் கீழே வைத்து, எல்லாரையும் நின்ற இடத்திலேயே உட்காரச் சொல். என் சொல்லுக்கு ஓடுவார்கள். உன் சொல்லுக்கு உட்காருவார்கள்.

6. ஒவ்வொருத்தராக எழுப்பி அனுப்பு. கதவை நான் பிடித்துக்கொள்வேன். வைத்திக்குப்பத்துப் பெண்களிலிருந்து தொடங்கு. வாசலில் நின்று தொட்டுத் தொட்டு எண்ணுவேன், அறுபத்தாறு வரை.

7. அறுபத்தேழாவது நீ.